வருஷத்துக்கு ரூ.5,000... அரசு தொடக்கப் பள்ளிக்கு வரும் விளையாட்டு நிதி எங்கே போகுது? பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

உங்க பிள்ளை படிக்கிற அரசு தொடக்கப் பள்ளியில் கடைசியா எப்போ புது பந்து வாங்கினாங்க? இந்தக் கேள்விக்கு பதில் தெரிஞ்ச பெற்றோர் ரொம்ப குறைவு. பந்து வாங்குறதுக்குன்னே அரசு தனியா ஒரு நிதி ஒதுக்குது என்பது தெரிஞ்சவங்க அதைவிடக் குறைவு.

ஆமாம், அப்படி ஒரு நிதி இருக்கு. ‘சமக்ர சிக்‌ஷா’ எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு அரசு தொடக்கப் பள்ளிக்கும் ஆண்டுக்கு ரூ.5,000 விளையாட்டு மானியம். பெரிய தொகை இல்லைதான். ஆனா ஐந்து வயசுல இருந்து பத்து வயசு வரை இருக்கிற பிள்ளைகள் பள்ளிக்கூடத்துல கையில எதை எடுத்து விளையாடப் போறாங்க என்பதை இந்த ஐயாயிரம்தான் பெரும்பாலும் முடிவு செய்யுது. இந்தப் பணம் எப்படி வருது, எதுக்கு செலவு பண்ணலாம், யார் முடிவு பண்றாங்க, நீங்க என்ன கேட்கலாம் என்பதை விரிவா பார்க்கலாம்.

முதல்ல, இது என்ன நிதி?

2018-ல் சர்வ சிக்‌ஷா அபியான், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வித் திட்டம் மூன்றையும் ஒன்றாக்கி மத்திய அரசு கொண்டு வந்ததுதான் சமக்ர சிக்‌ஷா. அப்போதான் விளையாட்டுக்கு என்று தனி மானியம் சேர்க்கப்பட்டது. தொடக்கப் பள்ளிக்கு ரூ.5,000, நடுநிலைப் பள்ளிக்கு ரூ.10,000, உயர்நிலை மற்றும் மேல்நிலைப் பள்ளிக்கு அதிகபட்சம் ரூ.25,000. இதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநில அரசின் பங்கு 40 சதவீதம். பின்னாடி 2021-ல் திட்டத்தை நீட்டித்தபோது இன்னொரு சலுகையும் வந்தது. ஒரு பள்ளியைச் சேர்ந்த குறைந்தது 2 மாணவர்கள் ‘கேலோ இந்தியா’ பள்ளி விளையாட்டுகளில் தேசிய அளவில் பதக்கம் வாங்கினால், அந்தப் பள்ளிக்கு கூடுதலாக ரூ.25,000 வரை கிடைக்கும். ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே இருக்கிற பள்ளிக்கு இதுனால பெருசா பலன் இல்லை என்பது சொல்லாமலே புரியும்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. இந்த ரூ.5,000 என்பது மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுவது கிடையாது. 22 பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கும் அதே தொகைதான், 180 பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கும் அதே தொகைதான்.

40 பேர் படிக்கிற பள்ளியை எடுத்துக்குவோம். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ரூ.125. கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு குறைந்தது 200 வேலை நாட்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்கு 62 காசு சொச்சம். அதுவே 180 பேர் படிக்கிற பள்ளின்னா ஆண்டுக்கு ரூ.28-கூட வராது.

சட்டம் என்ன சொல்லுது?

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு பள்ளிக்கு இருந்தே ஆக வேண்டியவை வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கு. எல்லா பருவத்துக்கும் ஏற்ற கட்டடம், கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்று போகிற அந்த வரிசையில் விளையாட்டு மைதானமும் ஒன்று. அதோட, ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கு ஏற்ப விளையாட்டுப் பொருட்கள் தரப்பட வேண்டும் என்றும் தனியா சொல்லியிருக்காங்க. “ஒவ்வொரு வகுப்புக்கும்” என்ற வார்த்தையை கொஞ்சம் அடிக்கோடு போட்டு வச்சுக்கோங்க. பள்ளிக்கு ஒரு பந்து இருந்தா போதும் என்று சட்டம் சொல்லவில்லை.

ஆசிரியர் விஷயத்துல மட்டும் சட்டம் பின்வாங்கிடுது. உடற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநர் என்பது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குத்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். தமிழ்நாட்டில் 2012-ல் உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் ரூ.5,000 சம்பளத்தில் நியமிக்கப்பட்டார்களே, ஞாபகம் இருக்கா? வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு இன்றுவரை போராடிக் கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். அவர்களும் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். தொடக்கப் பள்ளிக்கு பி.டி. சார் கிடையாது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமான நிலைமையும் இல்லை. கிராமப்புற பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்து எடுக்கப்படும் ‘அசர்’ ஆய்வின் 2018 அறிக்கைப்படி, நாடு முழுக்க பார்க்கப்பட்ட தொடக்கப் பள்ளிகளில் வெறும் 5.8 சதவீதத்தில்தான் உடற்கல்வி ஆசிரியர் இருந்தார். நடுநிலைப் பள்ளிகளில் 30.8 சதவீதம். ஏதாவது ஒரு விளையாட்டுப் பொருளாவது கண்ணில் பட்ட தொடக்கப் பள்ளிகள் பாதிக்குச் சற்று மேல். ஆனா மைதானம் என்று பார்த்தால் பள்ளிக்குள்ளேயோ பக்கத்திலேயோ பத்துக்கு எட்டு பள்ளிகளுக்கு இருந்தது. இடம் இருக்கு. சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அப்போ விளையாட்டு வகுப்பை யார் எடுக்கிறாங்க?

வகுப்பு ஆசிரியர்தான். 60 பிள்ளைகள் வரை இருக்கிற தொடக்கப் பள்ளிக்கு சட்டப்படி இரண்டு ஆசிரியர்கள். அவங்க ரெண்டு பேரும்தான் ஐந்து வகுப்புக்கும் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாம். இது போக காலை உணவுத் திட்டம், மதிய உணவு, எமிஸ் பதிவு, கூட்டம், பயிற்சி. அதுல ஒருத்தர் லீவு போட்டா மிச்சம் ஒருத்தர். இந்த நிலைமையில பி.டி. பீரியட் என்பது ‘பிள்ளைங்களா, போய் விளையாடிட்டு வாங்க’ என்று முடிஞ்சுடுறதுல ஆச்சரியம் இல்லை. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமும் இல்லை.

பெரிய வகுப்புகளில் கதை வேற. அங்கே பி.டி. பீரியடை கணக்கு சாரும் சயின்ஸ் மிஸ்ஸும் கடன் வாங்கிடுவாங்க. உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக மேடையிலேயே, விளையாட்டு வகுப்பைக் கடன் வாங்காதீங்க என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டதும், அந்த வீடியோ வைரலானதும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

இங்கேதான் அந்த ரூ.5,000 முக்கியமாகுது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத இடத்தில், சரியான பொருள் கையில் இருந்தால் பிள்ளைகள் பாதி வேலையை அவங்களே பார்த்துப்பாங்க. தப்பான பொருள் வாங்கினா அது பீரோவுக்குள்ள போய்டும்.

பீரோ கதைக்கு நானே சாட்சி. நான் ஐந்தாம் வகுப்பு வரை படிச்ச பள்ளிக்கூடத்துல ஒரு வாலிபால் இருந்துச்சு. புத்தம் புதுசு. கண்ணாடி பீரோவுல, பரிசுக் கோப்பைக்குப் பக்கத்துல வச்சிருந்தாங்க. ஐந்து வருஷமும் அதைப் பார்த்துட்டேதான் படிச்சேன், ஒரு தடவைகூட தொட்டதில்லை. வெளியே எடுத்தா தேஞ்சுடும், ஆடிட்ல கேட்பாங்க என்பதுதான் காரணம்னு பெரியவனானப்புறம்தான் புரிஞ்சுது. நாங்க துணியைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு பந்து செஞ்சு விளையாடினோம். நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற விஷயம்.

ரூ.5,000-க்கு என்னதான் வாங்க முடியும்?

இதுதான் பலரும் கேட்கிற கேள்வி. கடைக்கு கடை, ஊருக்கு ஊர் விலை மாறும். ஆனாலும் தோராயமா ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

முதல்ல எதை வாங்கக் கூடாது என்று பார்ப்போம். நல்ல கேரம் போர்டு ஒன்று ரூ.1,500-ல் இருந்து ரூ.2,000 வரை ஆகும். நிதியில் மூன்றில் ஒரு பங்கு போயிடும். ஒரு நேரத்தில் நாலு பேர் விளையாடலாம், மீதி 36 பேர் சுத்தி நின்னு பார்க்கலாம். அதே மாதிரிதான் கிரிக்கெட் செட். பேட்டிங் ஒருத்தர், பவுலிங் ஒருத்தர், மற்றவங்க எல்லாம் பந்து பொறுக்குறவங்க. அதுலயும் பொம்பளைப் பிள்ளைகளுக்கு எத்தனை ஓவர் கிடைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியவங்க ஆடுற சைஸ் வாலிபால், கூடைப்பந்து எல்லாம் ஏழு வயசுப் பிள்ளையின் கைக்கு அடங்காது. இரண்டு தடவை விரல் மடங்கினா மூணாவது தடவை அந்தப் பிள்ளை கிட்டயே வராது.

இந்த வயசுக்குத் தேவை ஒரு குறிப்பிட்ட விளையாட்டே இல்லை. ஓடுவது, தாவுவது, எறிவது, பிடிப்பது, உதைப்பது, ஒற்றைக் காலில் நிற்பது என அடிப்படை அசைவுகள்தான். இது சரியா வந்துட்டா பின்னாடி எந்த விளையாட்டும் வரும். அதனால சின்னச் சின்னப் பொருளா, நிறைய எண்ணிக்கையில வாங்குறதுதான் புத்திசாலித்தனம்.

40 பேர் இருக்கிற பள்ளிக்கு இப்படி யோசிக்கலாம். ஸ்கிப்பிங் கயிறு பத்து, ஒன்று ரூ.60 என்றால் ரூ.600. டென்னிகாய்ட் வளையம் எட்டு, தலா ரூ.70, மொத்தம் ரூ.560. ரப்பர் பந்தும் டென்னிஸ் பந்தும் கலந்து பன்னிரண்டு, தலா ரூ.40, மொத்தம் ரூ.480. கால்பந்து இரண்டு, தலா ரூ.450, மொத்தம் ரூ.900. கால்பந்தில் ‘சைஸ் 3’ கேட்டு வாங்கணும், பெரியவங்க ஆடுற ‘சைஸ் 5’ வேண்டாம். ஹூலா ஹூப் ஆறு, தலா ரூ.120, மொத்தம் ரூ.720. தரையில வைக்கிற தட்டை கோன் இருபது, ரூ.400. சதுரங்கப் பலகை இரண்டு, ரூ.400. மழைக்காலத்துக்கு ஆகும். காத்தடிக்கிற பம்ப், ஊசியோட ரூ.200. விசில், அளவு நாடா ரூ.240. எல்லாத்தையும் போட்டு வைக்க வலைப்பை இரண்டு ரூ.200. கூட்டினால் ரூ.4,700. மீதி ரூ.300.

இந்தப் பட்டியலில் ரொம்ப முக்கியமான பொருள் எதுன்னு கேட்டா, பம்பும் ஊசியும்தான் என்று சொல்வேன். சிரிக்காதீங்க. காத்து இறங்கிப் போன பந்து எத்தனை பள்ளிக்கூட மூலையில கிடக்குது என்று பாருங்க. ரூ.200 செலவு பண்ணாததால ரூ.900 பந்து வீணாப் போகுது.

மாற்றுத்திறன் பிள்ளைகள் படிக்கிற பள்ளின்னா, உள்ளே மணி வச்ச, சத்தம் கேட்கிற பந்து ஒன்றையாவது பட்டியலில் சேர்க்கணும். பார்வைக் குறைபாடு இருக்கிற பிள்ளைக்கு மட்டுமில்லை, எல்லாருக்குமே அது பிடிக்கும்.

ஜிஎஸ்டி பக்கமும் ஒரு சின்ன நல்ல செய்தி இருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் விளையாட்டுப் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கும், செஸ், கேரம் போர்டுக்கும் வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ரூ.5,000-க்கு பில் போட்டா, முன்னாடி வரி போக சுமார் ரூ.4,464-க்குத்தான் பொருள். இப்போ சுமார் ரூ.4,762-க்கு. கிட்டத்தட்ட ரூ.300 மிச்சம். ஐந்து ஸ்கிப்பிங் கயிறு கூடுதல். கடைக்காரர் பழைய விலையிலேயே பில் போடுறாரா என்பதை மட்டும் பார்த்துக்கணும்.

பந்து கிழிஞ்சா அடுத்த வருஷம் வரை காத்திருக்கணுமா?

வேண்டியதில்லை. பலருக்கும் தெரியாத விஷயம் இது. விளையாட்டு மானியம் தவிர, ‘ஒருங்கிணைந்த பள்ளி மானியம்’ என்று இன்னொன்றும் வருது. இது மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை ரூ.10,000, அதற்கு மேல் 100 பேர் வரை ரூ.25,000, 250 பேர் வரை ரூ.50,000, 1,000 பேர் வரை ரூ.75,000, அதைத் தாண்டினால் ரூ.1 லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குச் செலவிடணும். மீதியில் மின் கட்டணம், இணையம், குடிநீர், கற்பித்தல் பொருட்கள் என்று சொல்லப்பட்டிருக்கும் செலவுகளோடு விளையாட்டுப் பொருட்களும் இருக்கு. அதாவது கிழிஞ்ச பந்தை மாத்தவும், அறுந்த கயிற்றுக்குப் பதில் புதுசு வாங்கவும் இந்த நிதியைத் தொடலாம்.

நடைமுறையில கரன்ட் பில்லும் சாக்பீஸும் பினாயிலும் இந்தப் பணத்தை முதல்ல சாப்பிட்டுடும் என்பதும் உண்மைதான். தலைமை ஆசிரியர் கைக்காசு போட்டு சமாளிக்கிற பள்ளிகளும் உண்டு.

2024-ல் தமிழ்நாடு அரசு கிராம ஊராட்சிகளுக்கு கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தது. அது ஊர் இளைஞர்களுக்கானது, பள்ளிக்கானது இல்லை. ஆனாலும் ஊராட்சியும் பள்ளியும் பேசி வச்சுக்கிட்டா ஒரே மைதானத்தைப் பயன்படுத்திக்கறதுல என்ன கஷ்டம்? முன்னாள் மாணவர்கள், நிறுவனங்கள் நன்கொடை தரணும்னா 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கு.

யார் முடிவு பண்றாங்க?

இதுதான் நீங்க கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி. தலைமை ஆசிரியர் தனியா முடிவு பண்றது இல்லை. பள்ளி மேலாண்மைக் குழு, அதாவது எஸ்எம்சி இருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி இதில் நாலில் மூணு பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்கணும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்கணும். பள்ளிக்கு அரசு தரும் மானியம் எப்படிச் செலவாகுது என்று கண்காணிப்பது இந்தக் குழுவின் வேலைன்னு சட்டத்திலேயே எழுதியிருக்கு.

நடக்க வேண்டிய முறை இதுதான். நிதி வந்ததும் குழு கூட்டத்தில் சொல்லணும். என்ன வாங்கலாம் என்று பேசி தீர்மானம் எழுதணும். கடையில் விலை விசாரிச்சு, ஜிஎஸ்டி பில்லோட வாங்கணும். வாங்கின பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏத்தணும். கடைசியா பயன்பாட்டுச் சான்றிதழ் வட்டார வள மையத்துக்குப் போகணும்.

நடப்பது பல இடங்களில் எப்படின்னா, தீர்மான நோட்டு வீட்டுக்கே வரும். ‘அம்மா, இங்க ஒரு கையெழுத்து போடுங்க’ என்பாங்க. சார் கேட்கிறாரே என்று அந்த அம்மாவும் போட்டுடுவாங்க. யாரும் திருடினாங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. பணம் நிதியாண்டு முடியப் போற நேரத்துல வந்தால், மார்ச் 31-க்குள்ள செலவழிச்சு கணக்கு முடிக்கணும், இல்லைன்னா திரும்பிப் போயிடும் என்ற அவசரத்துல கூட்டம் போட நேரம் இருக்காது. அந்த அவசரத்துலதான் கடைக்காரர் கட்டி வச்சிருக்கிற ‘ரெடிமேட் செட்’ வாங்கப்படுது. அதுல பாதி பொருள் இந்த வயசுக்கு ஆகாது.

அதனால குழுவுல இருக்கிற பெற்றோர் நிதி வரும் வரை காத்திருக்காம ஜூன் மாசமே பட்டியல் தயார் பண்ணி வச்சுட்டா நல்லது. பிள்ளைகளையே கேட்கலாம். ஆச்சரியமான பதில் வரும்.

இந்த வருஷம் பணம் வந்துச்சா?

நியாயமான சந்தேகம். பிஎம் ஸ்ரீ பள்ளிகள் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி, 2024-25 ஆண்டுக்கான சமக்ர சிக்‌ஷா நிதியை மத்திய அரசு விடுவிக்கவில்லை. சுமார் ரூ.2,152 கோடி. தேசிய கல்விக் கொள்கையை, குறிப்பா மும்மொழி விஷயத்தை ஏத்துக்க முடியாது என்பது தமிழ்நாடு அரசின் நிலைப்பாடு. ஒப்பந்தப்படி நடந்தால்தான் நிதி என்பது மத்திய அரசு சொன்ன பதில். 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

டெல்லியும் சென்னையும் கோடிகளில் பேசுறதுல ஒரு பள்ளியின் ஐயாயிரம் கண்ணுக்கே தெரியாது. இத்திட்டத்தின் கீழ் சம்பளம், சிறப்புப் பயிற்றுநர், ஆர்டிஇ கட்டணம் என்று பெரிய செலவுகள் இருக்கும்போது, பணம் இறுகினால் பந்துக்கான காசு வரிசையில கடைசிலதான் நிக்கும். உங்க பள்ளிக்கு எந்தெந்த ஆண்டு வந்தது, எப்போ வந்தது என்பதை எஸ்எம்சி கூட்டத்திலேயே கேளுங்க. வரவில்லை என்பதும் ஒரு பதில்தான். அதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லலாம்.

வெளிநாட்டில் எப்படி?

தொடக்கப் பள்ளி விளையாட்டுக்கு என்றே தனி நிதி கொடுக்கிற நாடுகளில் இங்கிலாந்து பிரபலம். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச சூட்டோட 2013-ல் ஆரம்பிச்சாங்க. சர்க்கரை சேர்த்த குளிர்பானங்கள் மீது வரி போட முடிவு செஞ்சு, அதைக் காட்டி 2017-ல் இந்த நிதியை இரட்டிப்பாக்கி ஆண்டுக்கு 32 கோடி பவுண்ட் ஆக்கினாங்க. 2024-25 கல்வியாண்டு கணக்குப்படி, 17 அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கிற பள்ளிக்கு 16,000 பவுண்ட், அதோட பிள்ளைக்கு 10 பவுண்ட் வீதம். 200 பேர் படிக்கிற பள்ளிக்கு 18,000 பவுண்ட். பவுண்டுக்கு ரூ.110 என்று வச்சாலே ரூ.19.8 லட்சம்!

பணக்கார நாட்டோட தொகையை நம்ம தொகையோட வச்சுப் பார்க்கிறது சரியில்லை. ஆனா அவங்க போட்டிருக்கிற நிபந்தனைகளைப் பார்க்கணும், அதுக்குக் காசு செலவு இல்லை. ஒவ்வொரு பள்ளியும் எவ்வளவு வந்தது, எதுக்குச் செலவாச்சு, பிள்ளைகளுக்கு என்ன பலன் என்பதை ஜூலை 31-க்குள் பள்ளியின் வலைதளத்தில் போட்டே ஆகணும். கடைசி வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை சதவீதம் பேருக்கு 25 மீட்டர் நீந்தத் தெரியும், தண்ணீரில் ஆபத்து வந்தால் தப்பிக்கத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். ஆறும் குளமும் கிணறும் இருக்கிற நம்ம ஊர்ல இந்த ஒரு கேள்வியை எந்தப் பள்ளியாவது கேட்கிறதா என்று யோசிச்சுப் பாருங்க. கட்டடம் கட்ட அந்த நிதியைத் தொடக் கூடாது. ஏற்கெனவே இருக்கிற வகுப்பு ஆசிரியர்களுக்கு விளையாட்டு சொல்லிக் கொடுக்கப் பயிற்சி தருவது முக்கியச் செலவாகக் கருதப்படுது. வெளியாளைக் கூட்டி வந்து வகுப்பு எடுத்துட்டு, அவர் போனதும் எல்லாம் நின்னு போகிற கதை அங்கேயும் உண்டு என்பதால்தான் இந்த ஏற்பாடு.

பைசா செலவில்லாத ஒரு யோசனையும் அந்தப் பக்கத்தில் இருந்துதான் வந்தது. 2012-ல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் எலைன் வைலி என்ற தலைமை ஆசிரியை, பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னா சீக்கிரம் களைச்சுப் போறதைப் பார்த்து, தினமும் 15 நிமிஷம் வகுப்பை விட்டு வெளியே வந்து ஓடவோ நடக்கவோ வைத்தார். போட்டி இல்லை, சீருடை மாத்த வேண்டியதில்லை. ‘டெய்லி மைல்’ என்ற பெயரில் அது இப்போ பல நாடுகளுக்குப் பரவியிருக்கு. ஐந்து முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் இயக்கம் வேணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதில் கால்வாசி இப்படியே முடிஞ்சுடும். நம்ம ஊர் வெயிலுக்கு காலை இறைவணக்கம் முடிஞ்ச கையோட வச்சா சரியா இருக்கும்.

நீங்க என்ன செய்யலாம்?

உங்க பிள்ளை அரசு தொடக்கப் பள்ளியில் படிச்சா, அடுத்த எஸ்எம்சி கூட்டத்துக்குப் போங்க. உறுப்பினரா இல்லைன்னாலும் உறுப்பினரா இருக்கிற பெற்றோர் மூலமா கேட்கலாம். கேட்க வேண்டியது மூணே விஷயம்தான். விளையாட்டு மானியம் எந்தத் தேதியில் வந்தது? எந்தப் பொருள் எத்தனை வாங்கினாங்க? அது இப்போ எங்கே இருக்கு?

மூணாவது கேள்விதான் முக்கியம். இருப்புப் பதிவேட்டைப் பார்க்கிறதைவிட, பொருள் வச்சிருக்கிற இடத்துக்குச் சாவி யார்கிட்ட இருக்கு என்று பாருங்க. வலைப்பையில போட்டு வகுப்பறையில மாட்டி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ரெண்டு பேரைப் பொறுப்பாக்கி, எடுத்ததையும் வச்சதையும் ஒரு நோட்டுல எழுத வச்சா, தொலைஞ்சு போற பயமும் குறையும். விளையாட்டுப் பொருள் தேயுறதுக்குத்தான் வாங்குறோம். தேய்ந்து கிழிஞ்சதைக் குழுவில் வச்சு, தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் கழிச்சுக்கலாம். தலைமை ஆசிரியருக்கு ஆடிட் பயம் இருந்தால், ‘நாங்க கையெழுத்து போடுறோம் சார்’ என்று குழுவே முன்வந்தா அவருக்கும் நிம்மதி.

கூட்டத்தில் பதில் கிடைக்கலைன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. ரூ.10-க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாரக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளுக்குள் பதில் தரணும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் சான்று காட்டினால் அந்த ரூ.10-ம் வேண்டாம். பள்ளியின் பெயர், கல்வியாண்டு, ‘விளையாட்டு மானியம்’ என்ற வார்த்தை மூன்றையும் தெளிவா எழுதுங்க. வெறும் ‘நிதி விவரம்’ என்று கேட்டா எல்லா மானியத்தையும் ஒண்ணாக் கூட்டி ஒரே தொகையா பதில் வந்துடும். வாங்கிய பில்லின் நகலையும் சேர்த்துக் கேட்கலாம். பக்கத்துக்கு ரூ.2 கட்டணம்.